பன்னிரண்டு சதுர அங்குலம் போதாமல் போனது குறித்து

கீழ்பெரும்பாக்கம், விழுப்புரம்.
மாசி மாதம், ஞாயிறு முற்பகல்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. வெங்கடாசலம் அவர்களுக்கு, சக்கரபாணி பணிவுடன் எழுதுவது.

இங்கு நானும் அம்சவள்ளியும் சௌக்கியம். மீன்கள் ஐந்தில் நாலரை சௌக்கியம். திண்டிவனத்தில் தாங்களும் சம்பந்தியம்மா கிருஷ்ணவேணி அவர்களும், புதிதாக வண்ணம் பூசிய தங்கள் வீடும் குறைவின்றி இருப்பீர்கள் என நம்புகிறேன். இக்கடிதத்தில் அடங்கியவை பின்வருமாறு:

1. தொலைபேசியில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம்.
2. முதல் வடிகட்டியும் அதன் நாற்றமும்.
3. இரண்டாவது வடிகட்டியும் அதன் அளவை நான் கணக்கிட்ட முறையும்.
4. தீவனம்: காலையில் இரண்டு சிட்டிகை, மாலையில் இரண்டு சிட்டிகை தவிர நான் வேறு எதுவும் போடுவதில்லை என்பது.
5. மற்றவர்கள் போட்டது. (இதில் தங்களைப் பற்றியும் ஒரு வரி வருகிறது. தயவுசெய்து அமர்ந்து படிக்கவும்.)
6. வேண்டுகோள்.

முதலாவது. நேற்று சனிக்கிழமை தாங்கள் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஊட்டு வேல முடிஞ்சிபோச்சி சம்பந்தி. அடுத்த சனிக்கிழம வண்டி எடுத்தாறேன், தொட்டிய ஏத்திக்கினு போயிடலாம். உங்க ஊட்டுத் தண்ணி அதுங்களுக்கு ஒத்துக்கல" என்று சொன்னீர்கள். எனக்கு அப்போது ஏழு பதில்கள் தோன்றின. நான் சொன்னது "சரிங்க" என்பது மட்டுமே. தாங்கள் போய் அரை மணி கழித்து ஏழையும் வரிசைப்படுத்திக்கொண்டு தொலைபேசியில் அழைத்தேன். தாங்கள் மில்லில் இருந்தீர்கள் போலும். "சொல்லுங்க சம்பந்தி" என்று தாங்கள் அந்த இரைச்சலுக்கு மேல் கத்தியதும் முதல் பதில் மறந்துவிட்டது. முதலாவது இல்லாமல் இரண்டாவதைச் சொல்ல எனக்கு வராது. "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஆகவே கடிதம்.

தங்களுக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன், விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன் நம் சங்கவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் போனபோது இந்த நாலடிக் கடல்நீர்த் தொட்டியைத் தங்களிடம் விட்டுப் போனார். வண்ணம் பூசும் வாடை மீன்களுக்கு ஆகாது என்பதால் தீபாவளி கழிந்து மூன்று மாதத்துக்கு என் பொறுப்பில் அது இங்கு வந்தது. அன்று அதில் நைட்ரேட் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம். இன்று எண்பது. மீனின் கழிவும் அது தின்னாமல் விட்ட தீவனமும் மட்கிக் கடைசியில் நைட்ரேட்டாகி நிற்கிறது. அதை வெளியேற்ற வழி இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். கோட்டக்குப்பம் கடற்கரையிலிருந்து அலெக்ஸ் தன் மீன் வண்டியில் வாரம் நாலு கேன் கடல்நீர் கொண்டுவந்து தருகிறார். மாற்றினால் இறங்குகிறது, நாலே நாளில் ஏறிவிடுகிறது. (எனவே தொட்டியில் இருப்பது கோட்டக்குப்பத்துத் தண்ணீரே தவிர என் வீட்டுத் தண்ணீர் அல்ல என்பது அந்த ஏழு பதில்களில் மூன்றாவது.)

இதில் எனக்குத் தூக்கம் கெட்ட விஷயம் லட்டு. நம் பேத்தி பெயர் வைத்த அந்த மஞ்சள் மீன் ஒன்பது நாளாகத் தீவனத்தைத் தொடவில்லை. பாறைக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. ஞாயிறு மாலை வீடியோவில் வந்தால் குழந்தையின் முதல் கேள்வி "லட்டு எங்க தாத்தா?" என்பது. போன வாரம் போனைச் சாய்த்துப் பிடித்து வாலை மட்டும் காட்டிச் சமாளித்தேன். "லட்டு ஏன் வெக்கப்படுது?" என்று கேட்டாள். இன்று மாலையும் கேட்பாள். இந்த நிலையில் அதை வாளியில் போட்டு வண்டியில் ஏற்றினால் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டாது என்று நான் பயப்படுகிறேன்.

இரண்டாவது. நைட்ரேட்டைத் தின்னும் நுண்ணுயிரிகள் காற்றில்லாத இடத்தில் வாழும். ஐம்பது மீட்டர் மெல்லிய குழாயை ஊறுகாய் ஜாடி ஒன்றின் மேல் நெருக்கமாகச் சுற்றி, அதன் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், குழாயின் பின்பாதியில் காற்றுத் தீர்ந்து அவை குடியேறும். இதுவரை சரி. சொட்டு எவ்வளவு வேகம் என்பதில்தான் நான் தடுமாறினேன். வேகமாக விட்டால் பயனில்லை என்று பயந்து மெதுவாக விட்டேன், அதிலும் பயந்து இன்னும் மெதுவாக விட்டேன். மூன்றாம் வாரம் கூடத்தில் ஒரு நாற்றம் எழுந்தது. காற்று அடியோடு தீர்ந்து நைட்ரேட்டும் தீர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். அதன் மணம் அழுகிய முட்டையை ஒக்கும் என்று முப்பத்துநான்கு ஆண்டுகள் வேதியியல் வகுப்பில் கரும்பலகையில் எழுதியவன் நான். அது என் சொந்தக் கூடத்துக்கு வந்தபோது, எலி செத்துவிட்டது என்று பீரோவை நகர்த்தி மூன்று நாள் தேடினேன்.

நாற்றத்தை அடையாளம் கண்டவர் எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் கெங்கம்மாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னாம்மா இது, சனிக்கெழம அதுவுமா முட்ட வேவ வெச்சிகிறியா? அதுவும் கூமுட்டையா பாத்து?" என்றார். சனிக்கிழமை முட்டையைக் கண்ணாலும் பார்க்காத அம்சவள்ளி அன்று முழுவதும் அவரிடம் பேசவில்லை. என்னிடம் மறுநாளும் பேசவில்லை. ஜாடியை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது. இரண்டாவது வடிகட்டி எளிது. பின்னல் வேலைக்காகக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் வலையில் ஒரு துண்டை வெட்டி, ரம்பத்தால் இருபுறமும் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பிளவு போட்ட பைப்பில் செருகித் தொட்டி மேல் தொங்கவிட்டேன். மோட்டார் ஏற்றும் நீர் வலையின் மேல் படலமாக வழிந்து தொட்டிக்கே திரும்புகிறது. இருபுறமும் சிவப்பு விளக்கு. வலையில் பச்சைப் பாசி வளர்ந்து நைட்ரேட்டைத் தின்கிறது. வாரம் ஒருமுறை பாசியைச் சுரண்டி எறிந்தால் நைட்ரேட்டும் அதோடு வெளியே போகிறது. முதல் நாள் மோட்டார் வேகம் அதிகமாகித் தினசரிக் காலண்டரில் மாசித் தாள்கள் முழுவதும் நனைந்து ஒட்டிக்கொண்டதையும், ஸ்விட்ச் போர்டில் உப்புப் பூத்ததையும் விரிக்கவில்லை. சிவப்பு வெளிச்சம் ஜன்னல் வழியே தெருவரை விழுவதால் மாலையில் இருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். தடுக்க எனக்குத் துணிவில்லை. உள்ளேயிருந்து நானும் கும்பிட்டேன்.

இனி அளவு. இதைத் தொட்டியின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடுவது பழைய முறை, அது தவறு. தங்கள் மில்லில் தவிட்டு அறையை எவ்வளவு பெரிதாகக் கட்டினீர்கள்? மில் நிற்கும் மனையின் அளவைப் பார்த்தா கட்டினீர்கள்? நாள்தோறும் எத்தனை மூட்டை நெல் வந்து விழுகிறது என்று பார்த்தல்லவா? இதுவும் அதேதான். உள்ளே போகும் தீவனம்தான் வெளியே வரவேண்டிய நைட்ரேட். நாளொன்றுக்குப் பத்துச் சிட்டிகை தீவனத்துக்குப் பன்னிரண்டு சதுர அங்குல வலை வேண்டும் என்று இதே பைத்தியம் பிடித்தவர்கள் இணையத்தில் எழுதியிருக்கிறார்கள். நான் போடுவது நாலு சிட்டிகை. அதற்கு ஐந்து அங்குலம்கூட வேண்டாம். என் கணக்கை நானே நம்பாததால் அதை இரண்டரை மடங்காக்கி, மூன்றுக்கு நாலு என்று பன்னிரண்டு சதுர அங்குலம் வெட்டினேன். ஆறு வாரமாகிறது. பாசி செழிப்பாக வளர்கிறது. நைட்ரேட்டும் செழிப்பாக வளர்கிறது.

நான்காவது. தீவனம் விஷயத்தில் என் மேல் குற்றம் இருக்க முடியாது. என் நோட்டில் 'தீவனம்' என்ற தலைப்பின் கீழ் காலை ஏழு மணிக்கு இரண்டு சிட்டிகை, மாலை ஐந்துக்கு இரண்டு, கையெழுத்துடன். ஒரு நாள் விடுபட்டதில்லை, ஒரு நாள் கூடியதில்லை. 'வருகைப் பதிவு' என்று தனித் தலைப்பும் உண்டு. தங்கள் பொருள் என்னிடம் இருக்கும்போது ஒன்று குறைந்தாலும் எனக்கு உடனே தெரிய வேண்டுமல்லவா? எனவே காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை மணிக்கொரு முறை, பள்ளியில் பீரியடுக்குப் பீரியடு எடுத்ததைப் போல, ஐந்தையும் கண்ணால் கண்டு 'வ' போடுகிறேன். சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் தட்டினால் போதும், பாறை இடுக்கில் இருப்பதெல்லாம் கண்ணாடிக்கு வந்து வரிசையில் நிற்கும். பன்னிரண்டாம் வகுப்பு 'பி' பிரிவு ஒருநாளும் எனக்கு இப்படி நின்றதில்லை. ஒன்பது நாளாக லட்டு மட்டும் வராததால், அதற்கு 'வ' போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி இடுகிறேன்.

ஐந்தாவது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பொங்கலுக்கு வாங்கிய தீவன டப்பா சித்திரை வரை வர வேண்டும். மாசியிலேயே அடி தெரிகிறது. எங்கோ ஒழுகுகிறது என்று சந்தேகப்பட்டு விசாரணை நடத்தினேன். முதலில் அம்சவள்ளி.

"நீ எப்பவாவது போடறியா?"

"வாயத் தெறந்து தெறந்து மூடுது. பாத்துக்கினு நான் எப்படிங்க சாப்புடறது?"

"அது மூச்சு விடுகிறது, அம்சவள்ளி."

"நீங்ககூடத்தான் மூச்சு உடறீங்க. அதுக்காக சோறு போடாம கீறனா?"

தினம் இரண்டு சிட்டிகை என்று ஒப்புக்கொண்டாள். தை இரண்டாம் நாள், நம் வீட்டில் மாடு இல்லாத குறைக்கு, மாட்டுப் பொங்கல் பொங்கலில் நாலு பருக்கை தொட்டியில் போட்டுத் தண்ணீர் சுற்றிக் கும்பிட்டதையும் தானாகவே சொன்னாள். நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்து கெங்கம்மாள். "வாசலு கூட்டிட்டு உள்ள வந்தா என்னியே மொறச்சிக்கினு நிக்குது. ஊட்ல இருக்கறவங்க அல்லாரும் துன்னாச்சி, அது துன்னுச்சான்னு ஒருத்தராச்சும் கேக்க வாணாமா? ரெண்டு சிட்டிக போட்டேன். இன்னா இப்ப?" என்றார். "ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன்" என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டேன். இவர்களில் யாரும் மற்றவருக்குத் தெரியாமல் போட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் போட மறந்திருப்பார் என்று நினைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது நபரைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தாங்கள் சனிக்கிழமை வரும்போது காப்பி வரும்வரை தொட்டியருகே தனியாக நிற்பது வழக்கம். நேற்று நான் சர்க்கரை அளவு கேட்கத் திரும்பி வந்தபோது, அடுப்படிக் கதவின் ஓரமாக, முற்றிலும் தற்செயலாக, பார்க்க நேர்ந்தது. தாங்கள் டப்பாவைத் திறந்து, சிட்டிகை என்று சொல்ல முடியாத ஓர் அளவை எடுத்து, "துன்னுங்கடா கண்ணுங்களா, இங்க யாரும் போடறதில்ல போல" என்று சொல்லித் தூவினீர்கள். நான் சர்க்கரை கேட்காமலே திரும்பிவிட்டேன். நேற்றுக் காப்பியில் சர்க்கரை இல்லாமல் போனதற்கு அதுவே காரணம், மன்னிக்கவும். என் கையால் ஒரு பிடி அள்ளி எண்ணிப் பார்த்தேன், பதினாலு சிட்டிகை. ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு இரண்டு.

ஆக, நான் நாலு, அம்சவள்ளி இரண்டு, கெங்கம்மாள் இரண்டு, தாங்கள் இரண்டு. மொத்தம் பத்து. பத்துக்கு வேண்டியது பன்னிரண்டு சதுர அங்குலம். என்னிடம் இருப்பது சரியாகப் பன்னிரண்டு. அப்படியானால் இத்தனை பேர் போட்டும் வடிகட்டி போதுமானதாக இருந்திருக்க வேண்டுமே என்று இந்த இடத்தில் ஒரு குழப்பம் வருகிறது. கூட்டலை நாலு முறை சரிபார்த்தேன். வேறு வழி தெரியாததால், தங்கள் கை என் கையைவிடப் பெரியது என்று கொண்டு, கணக்கில் வராத மிச்சம் முழுவதையும் தங்கள் பிடியில் சேர்த்திருக்கிறேன். நெல்லை அள்ளிப் பார்த்தே தரம் சொல்லும் கை என்பதால் அப்படி இருக்க வாய்ப்புண்டு. தவறென்றால் அடித்துவிடவும்.

ஆறாவது, வேண்டுகோள். தயவுசெய்து சனிக்கிழமை வண்டி கொண்டுவர வேண்டாம். பத்து நாள் அவகாசம் கொடுங்கள். இன்று காலை தீவன டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். இனி என் கை தவிர வேறு கை அதில் படாது. புதன்கிழமை அலெக்ஸ் இங்கே தண்ணீர் இறக்கிவிட்டு மீனோடு திண்டிவனம் வருவார். அதுவரை இதை ஒட்டாமல் வைத்திருந்து, இறங்கிய நைட்ரேட் அளவைக் கீழே குறித்து அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். குற்றம் என் வீட்டுத் தண்ணீரில் இல்லை, அன்பு மிகுந்த பல கைகளில் இருக்கிறது என்பது அப்போது எண்ணாலேயே நிரூபணமாகும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். புது வண்ணம் பூசிய வீட்டில் தங்கள் இருவருக்கும் எல்லா நலமும் சேர, தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். (பூஜையறை விளக்கைச் சொல்கிறேன், வடிகட்டி விளக்கை அல்ல.)

தங்கள் அன்பையும் பொறுமையையும் எதிர்நோக்கும்,
சக்கரபாணி

பின்குறிப்பு. புதன் காலை, பத்து மணி ஐந்து நிமிடம்.

நேற்றுக் காலை சோதித்தேன். எண்பது. குப்பியைக் கழுவி மறுபடி சோதித்தேன். எண்பது. சிட்டிகை பாதிக்கு மேல் குறைந்தும் எண் அசையவில்லையே என்று நான் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அம்சவள்ளி துவைக்க என் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"டப்பா பீரோவுல. சாவி உங்க இடுப்புல. கெங்கம்மா தொட்டிப் பக்கம் திரும்பியே பாக்கல, கோவத்துல கீறா. சம்பந்தி திண்டிவனத்துல கீறாரு. அப்ப யாருங்க போட்டது? லட்டுவே கடைக்குப் போயி வாங்கியாந்துச்சா?"

அதைத்தான் நானும் யோசிக்கிறேன் என்றேன். அவள் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இது இன்னா?"

"வருகைப் பதிவுக்கானது. தட்டிக் கூப்பிடுவேன், வந்து நிற்கும், எண்ணுவேன்."

"வந்து நின்னதும்?"

"வந்ததற்கு ஒரு சிட்டிகை போடுவேன். இல்லாவிட்டால் அடுத்த மணிக்கு வராது."

"தீவனந்தான?"

"தீவனம்தான். ஆனால் நோட்டில் அது தீவனம் என்ற தலைப்பில் வராது."

"வவுத்துக்குள்ள போவும்போது அது தலைப்பப் படிச்சிக்கினா போவுது?"

சம்பந்தி அவர்களே, காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை மணிக்கு ஒன்று என்றால் பதினாறு. பத்தும் பதினாறும் இருபத்தாறு. அதற்கு வேண்டிய வலை முப்பத்தொரு சதுர அங்குலத்துக்கும் மேல். தங்கள் கை சாதாரண அளவுதான். அதன் மேல் நான் ஏற்றிய மிச்சத்தை முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை முதல் சின்ன டப்பாவும் பீரோவில். சாவி அம்சவள்ளியிடம். மதியம் வலையைச் சுரண்டும்போது கை தவறி ஒரு கொத்துப் பாசி தொட்டிக்குள் நழுவி விழுந்தது. லட்டு பாறைக்குப் பின்னாலிருந்து வந்து, அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முழுவதையும் தின்றது. நோயா, அல்லது என் சிட்டிகைகளுக்குப் பயந்து ஒளிந்திருந்ததா என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இன்று காலை நைட்ரேட் நிறம் அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே. நான் எண்பது என்கிறேன், அம்சவள்ளி அறுபது என்கிறாள்.

ஆகவே வேண்டுகோளை விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை வண்டியுடன் வருவதென்றால் வாருங்கள், எடுத்துப் போவதென்றால் எடுத்துப் போங்கள். ஒத்துக்கொள்ளாதது இந்த வீட்டில் ஏதோ ஒன்று என்று தாங்கள் சொன்னது சரி. அது தண்ணீர் அல்ல, அவ்வளவுதான். காப்பிக்குச் சர்க்கரை நிச்சயம் உண்டு.

மேலே உள்ளதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று கேட்டதற்கு அம்சவள்ளி, "அப்படியே அனுப்புங்க. அவரு ஒரு பிடி போட்டதும் தெரியட்டும், நீங்க பதினாறு போட்டதும் தெரியட்டும்" என்கிறாள். வாசலில் அலெக்ஸ், "சார், ஐஸு கரைஞ்சிக்கினு கீது சார், ஜல்தியா குடுங்க" என்று அவசரப்படுத்துகிறார்.

பத்து மணிப் பதிவுக்குத் தட்ட டப்பா இல்லாததால் சும்மா நின்று பார்த்தேன். நாலுதான் தெரிந்தன. பள்ளியில் முப்பத்துநான்கு ஆண்டுகளில் கண்ணால் காணாத யாருக்கும் நான் 'வ' போட்டதில்லை. ஐந்தாவது பாறைக்குப் பின்னால் இருக்கும் என்று நம்பி, கேள்விக்குறி இல்லாமல், போட்டுவிட்டேன். தீவனம் பற்றி மேலே நான்காவதாக நான் எழுதியது தவறு.